எழுத்துநிலை மண்டபம் எம்மொழியில் திறக்கும்?

(சேலம் அத்தம்பட்டியில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

  

சென்னை எழும்பூரில், பாந்தியன் சாலையோரத்தில், இளஞ்சிவப்புக் கல்லால் எழுந்த உயர்ந்த கட்டடம் ஒன்று உண்டு. விக்டோரியா நினைவு மண்டபம் என்பது அதன் பழம்பெயர். தேசியக் கலைக்கூடம் என்பது 1951-இல் அதற்கு இடப்பட்ட பெயர். தமிழ்நாட்டரசின் ஓவியச் செல்வம் அரை நூற்றாண்டுக் காலம் அதன் சுவர்களில்தான் தொங்கிற்று. கட்டடம் வலுவிழந்தது, வெடிப்புகள் கண்டன என்று 2002-இல் அதன் கதவு மூடப்பட்டது. ஓவியங்கள் இறக்கப்பட்டு வேறிடம் கொண்டு செல்லப்பட்டன. செப்பனிடும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன, பணியும் தொடங்கப்பட்டது. ஆயினும் இருபதாண்டுக் காலம் மக்கள் அதனுள் கால்வைக்க இயலவில்லை. கதவு மூடிய ஆண்டிற் பிறந்த குழந்தை வளர்ந்து, வாக்குரிமை பெற்று, தேர்தலிலும் வாக்களித்துவிட்டது. அக்கூடத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் அது அறியாது.

இருநூறு கல் தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அந்த அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்றது. மாகாணத்தின் வருவாயில் வளர்ந்தது. சேலத்து உழவன் செலுத்திய நிலவரியும், நெசவாளன் செலுத்திய வரியும் அம்மாகாணத்தின் வருவாயே. ஆதலால் எழும்பூர்க் கூடம் சென்னைக்காரரின் தனியுடைமை அன்று. அதில் எது தொங்க வேண்டும், எம்மொழியில் அதற்கு விளக்கம் எழுத வேண்டும் என்று கேட்கச் சேலத்தானுக்கும் நாமக்கல்லானுக்கும் நிறைந்த உரிமை உண்டு.

முதலிற் கட்டடத்தைப் பார்ப்போர் ஒரு வியப்பைக் காண்பர். 1906-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் ஆங்கில இளவரசர். பின்னாளில் ஐந்தாம் சார்சு என முடிசூடியவர். வரைந்தவர் என்றி இர்வின் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அதன் முகப்புக்கு முன்மாதிரி பதேப்பூர் சிக்ரியின் முகலாய வாயில். கல், சத்தியவேட்டு மலைக்கல். கட்டி முடித்தவர் சென்னையின் புகழ்பெற்ற ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். ஆங்கில அரசிக்கு நினைவாக, முகலாயத் தோற்றத்தில், தென்னாட்டுக் கல்லால், தென்னாட்டார் கையால் எழுந்த கட்டடம்! 1951-இல் அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு விழாவின்போது தலைமை அமைச்சர் நேரு அதனைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்து வைத்தார். அரசியின் பெயர் போய்த் தேசத்தின் பெயர் வந்தது. எந்தத் தேசம் என்ற வினா அன்று எழவில்லை. எழுந்திருந்தால் தஞ்சை ஓவியமும், முகலாய ஓவியமும், இராசபுத்திர ஓவியமும், திருவாங்கூர் இரவிவர்மாவின் நெய்வண்ண ஓவியமும் ஒரே கூரையின்கீழ் எந்த முறையில் அடுக்கப்பட வேண்டும், எது முதலில், எது நடுவில் என்ற எண்ணமும் உடன் எழுந்திருக்கும்.

கட்டடம் அழகியது, அது காக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. கண்ணாடியும் கற்காரையும் கொண்டு இடித்துப் புதுக்குதல் அறியாமை. சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவரைச் சுண்ணாம்புக் காரையாலேயே செப்பனிட வேண்டும் என்பது கொத்தனாரும் அறிந்த செய்தி. சிமிட்டிப் பூச்சு பழஞ்சுவரை மூச்சடைக்கச் செய்யும். உள்ளூறும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூக்கும். இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டா. அதே எழும்பூர் வளாகத்தில் அமராவதியின் பளிங்குச் சிற்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவரோடு வைத்துப் பூசிப் பதிக்கப்பட்டன. அவற்றைப் பதித்தவர் காப்பாற்றவே எண்ணினர். பின்வந்த காப்பாட்சியர்க்கோ அவற்றைச் சிதையாமல் வெளியெடுப்பது எங்ஙனம் என்பதே பெருந்தொல்லையாயிற்று. ஒருமுறை தவறாகப் பதித்தது நூறாண்டுக்கும் மேலாக வருத்துகிறது.

கல்லுக்குப் பொருந்துவது சொல்லுக்கும் பொருந்தும். கூடம் மீளத் திறக்கும்போது சுவரிற் பதிக்கப்படும் பெயர்ப்பலகைகளும் எளிதில் மாறா. அடுத்த ஐம்பதாண்டுக்கு மாணவன் படிப்பதும், ஆசிரியர் கற்பிப்பதும், வெளிநாட்டார் தம் நூல்களில் எழுதுவதும் அப்பலகையில் உள்ளதே. எனவே கேட்க வேண்டுவதை வண்ணம் காயுமுன் கேட்க வேண்டும்.

ஓவியக்கூடம் என்பது வெள்ளையன் கொண்டுவந்த புதுமை என்று கற்றோரிடையேயும் ஒரு நினைப்பு உண்டு. பரிபாடலைப் புரட்டாதவர் நினைப்பு அது. நப்பண்ணனார் பாடிய பரிபாடல் திருப்பரங்குன்றத்தில் ஓர் ஓவியக்கூடத்தைக் காட்டுகிறது. அதற்கு எழுத்துநிலை மண்டபம் என்று பெயர். முருகனை வழிபட வந்த மக்கள் அங்கே நின்று ஒவ்வொரு படத்தையும் சுட்டி, இவர் யார், அவர் யார் என்று வினவுகின்றனர். அறிந்தவர் அறியாதவர்க்கு விடை கூறுகின்றனர். காமனும் இரதியும் ஒரு சுவரில். அகலிகையும், சினந்து நிற்கும் முனிவனும், பூனையாய் நழுவும் இந்திரனும் மற்றொன்றில். படங்களிற் பல வடநாட்டுக் கதைகள் என்பது உண்மையே. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் வினாவும் தமிழ், விடையும் தமிழ். கோயிலுக்கு வந்த எளிய மாந்தர் படத்தின் முன் வாயடைத்து நிற்கவில்லை; பேசினர். உலகின் மிகப் பழைய ஓவியக்கூடக் காட்சிகளில் ஒன்று தமிழில் உள்ளது என்பதை எழும்பூர்க் கூடத்தின் வாயிலில் எழுதி வைத்தால் எந்தத் தேசத்திற்கு இழிவு?

எழுத்து என்னும் சொல்லையே பாருங்கள். இன்று அது வரிவடிவத்தைக் குறிக்கிறது. எழுதுதல் என்பதன் பழம்பொருளில் ஓவியம் தீட்டுதலும் அடங்கும். ஓவியத்தை எழுதினர், தொய்யிலை எழுதினர், கண்ணுக்கு மை எழுதினர். ஓவியனைக் கண்ணுள் வினைஞன் என்றனர். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் புனையா ஓவியம் என்று நெடுநல்வாடையிற் பெயர் உண்டு. வட்டிகை என்னும் சொல் தீட்டுகோலுக்கு உண்டு. இத்தனை சொற்களும் அகரமுதலியில் உறங்க, கலைக்கூடங்களின் தமிழ்க் குறிப்புகள் ஆங்கிலத்திலிருந்து பிழியப்பட்ட சக்கையாக இருப்பது ஏன்? இச்சேலத்து நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த பாவாணர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியது இதைத்தான். சொல்லை இழந்தவன் பொருளையும் விரைவில் இழப்பான்.

எழும்பூரின் செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொள்ளலாம். திருவாலங்காட்டு ஆடல்வல்லான் அங்கேதான் இருக்கிறான். பிரஞ்சுச் சிற்பி உரோதேன் 1913-இல் அத்திருமேனியைப் பற்றி எழுதினார். அவர் சென்னைக்கு வந்தவரல்லர். ஒளிப்படங்களைப் பார்த்தே உருகி எழுதினார். உலகம் அதனை நடராசர் என்று அறியும். இராசராசன் தஞ்சைக் கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளோ அத்திருக்கோலத்தை ஆடவல்லான் என்கின்றன. அப்பெயரால் ஒரு மரக்காலே அளவைக்கு இருந்தது. நெல் அளந்த மரக்காலுக்கு வைத்த பெயரைச் சிலையின் கீழ் எழுத இன்று நாணம்! மாதொருபாகன் என்றும் அம்மையப்பன் என்றும் தமிழ்ச் சிற்றூர்கள் வழங்கும் திருமேனி, ஏடுகளில் அர்த்தநாரீசுவரர் ஆயிற்று. சேலத்துப் பக்கத்துத் திருச்செங்கோட்டு மலையேறும் பாட்டிக்கு அவன் மாதொருபாகன் என்றால் விளங்கும். ஐம்பொன் எனும் சொல்லைக் கொல்லனும் தட்டானும் அறிவர்; அதனைப் பஞ்சலோகம் ஆக்கியது யாருக்காக?

அத்தஞ்சைக் கல்வெட்டுகள் மற்றொன்றும் கற்பிக்கின்றன. அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அலுவலரும் கொடுத்த திருமேனிகள் ஒவ்வொன்றுக்கும் கல்வெட்டில் ஒரு குறிப்பு உண்டு. கொடுத்தவர் யார், உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடத்தின் அளவு என்ன, செப்பா, பித்தளையா, பொன்னா, அதற்குப் பூட்டிய அணிகலன் எவை, அவற்றின் எடை என்ன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் தமிழில் எழுதிய அருங்காட்சியகக் குறிப்பு அன்றோ அது! அக்கல்வெட்டுகளிலும் வடசொற்கள் கலந்தே உள்ளன. ஆயினும் அவற்றின் உடல் தமிழ், அளவை தமிழ், நோக்கும் தமிழ். இன்றைய குறிப்புகள் பெரும்பாலும் பெயர், நூற்றாண்டு, ஊர் என மூன்று சொல்லோடு முடிவன. மெழுகிற் செய்த உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசி, உருக்கி, மெழுகு வழிந்த வெற்றிடத்திற் செம்பை ஊற்றி வார்த்த கை எந்த ஊர்க் கை என்பதைச் சொல்ல இடமில்லை. சுவாமிமலையில் இன்றும் அக்கை உயிரோடு இருக்கிறது. பார்வையாளனுக்கு அது தெரிய வேண்டாவா? திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் ஆடலைக் கண்டு பாடியதாக மரபு போற்றும் ஊர் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டாவா?

இதைச் சொன்னால் உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. கலை உலகப் பொது. அதில் மொழிவெறியைப் புகுத்தலாமா என்பர். பாரிசு நகரத்து இலூவர் அருங்காட்சியகத்தில் உலகறிந்த மோனலிசா ஓவியம் உள்ளது. வரைந்தவர் இத்தாலியர். பிரஞ்சுக்காரர் அதனைத் தம் மொழியில் இலா சோகோந்து என்றே வழங்குகின்றனர்; சுவரில் தம் மொழியிலேயே விளக்கம் எழுதுகின்றனர். அயலான் ஓவியத்துக்கே தன்மொழிப் பெயர் வைத்தவனை வெறியன் என்று எவரும் கூறுவதில்லை. தன் ஓவியத்துக்குத் தன் பெயர் கேட்பவன் மட்டும் வெறியனோ?

ஆம்சுடர்தாம் நகரில் டச்சு மக்களின் பெருங்கலைக்கூடமான இரைக்சு அருங்காட்சியகம் 2003-இல் மூடப்பட்டு, முற்றும் புதுக்கப்பட்டு, 2013-இல் திறக்கப்பெற்றது. அங்கும் காலத்தாழ்வு நேர்ந்தது, செலவு ஏறிற்று. ஆனால் அந்நகரத்து மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. கட்டடத்தின் நடுவே செல்லும் மிதிவண்டிப் பாதையைக் குறுக்கக் கூடாது என்று போராடிப் பாதையைக் காத்தனர். திறந்தபோது ஓவியங்கள் பழையபடி மாட்டப்படவில்லை. ஓவியமும், படைக்கலமும், பேழையும், பீங்கானும் நூற்றாண்டு வாரியாக ஒன்றாக வைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டு எப்படி வாழ்ந்தது என்று பார்ப்பவன் அறியும்படி அமைத்தனர். இரெம்பிராண்டின் இரவுக் காவல் ஓவியம் மட்டும் தன் பழைய இடத்துக்கே திரும்பிற்று. 2015-இல் அதே கூடத்தார், தம் ஓவியத் தலைப்புகளில் குடியேற்ற ஆட்சிக் காலத்தார் வைத்த இழிசொற்களைக் களைந்து புதுப்பெயர் எழுதத் தொடங்கினர். கறுப்பினச் சிறுமி என்னும் பொருளில் இழிவாக அழைக்கப்பட்ட படம், விசிறி ஏந்திய இளம்பெண் ஆயிற்று. ஆளவந்தவன் வைத்த பெயரை மாற்றுவது அங்கே அறிஞர் பணி. இங்கே கேட்டால் குறுகிய மனம்!

எழும்பூரில் அப்படி ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். தஞ்சை ஓவியத்தின் அருகே அதற்குப் பொன்தாள் ஒட்டிய கைவினைஞன் கருவிகள். அதனருகே அக்காலத்துப் பட்டும் செப்பேடும். முகலாய ஓவியமும் இராசபுத்திர ஓவியமும் வேண்டா என்பதன்று. விருந்தினரை வாயிலில் நிறுத்தித் துரத்துவது தமிழர் வழக்கமில்லை. வீட்டுக்காரன் கூடத்தில் இருக்கட்டும் என்பதே வேண்டுகோள்.

இரவிவர்மாவின் படங்களைப் பற்றி ஒரு சொல். அவர் கை வலிய கை, ஐயமில்லை. திருவாங்கூர் அரண்மனையில் நெய்வண்ணம் குழைக்கும் நுட்பம் அறிந்தவர் மதுரையிலிருந்து சென்ற இராமசாமி நாயக்கர். அவர் இளைஞரான இரவிவர்மாவுக்குக் கற்பிக்க மறுத்தார். நாயக்கரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே மறைவாக அந்நுட்பத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்று இரவிவர்மாவின் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். வண்ணம் கலக்கக் கற்பித்த கைக்குப் புகழில் பங்கில்லை. இரவிவர்மாவின் படங்கள் மீளத் தொங்கும்போது குறிப்புப் பலகையில் ஒரு வரி ஆறுமுகம் பிள்ளைக்கு ஒதுக்கினால் படத்தின் பெருமை குறைந்துவிடாது.

இனி இம்மண்ணுக்கு வருவோம். நாமக்கல் வெ. இராமலிங்கனாரைப் பாவலராக நாடு அறியும். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்தடுக்குக் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1888-இல் மோகனூரிற் பிறந்த அவர் பாட்டால் பெயர் பெறுமுன் ஓவியராகவே அறியப்பட்டவர். படம் எழுதிப் பிழைத்தவர். ஐந்தாம் சார்சு மன்னனின் தில்லி முடிசூட்டு விழாவுக்கென ஓவியம் தீட்டிப் பொற்பதக்கம் பெற்றவர். அப்பதக்கம் தந்த ஆட்சியையே பின்னர் எதிர்த்துச் சிறை சென்றவர். எழும்பூரிற் கூடத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே சார்சு! அடிக்கல் நாட்டியவன் பெயர் கல்லில் இருக்கிறது. அவன் உருவை எழுதிய நாமக்கல்லான் கைவண்ணத்துக்கு அக்கூடத்தில் ஒரு சுவர் வேண்டும். அவர் படங்கள் எவரெவர் இல்லங்களில் உள்ளனவோ, அவற்றைத் தேடித் தொகுக்கும் வேலையை அரசு இப்போதே தொடங்க வேண்டும். துணியும் வண்ணமும் கல்லன்று, காத்திருக்கா.

சேலத்துக்கும் பங்கு உண்டு. எந்தப் பெரிய அருங்காட்சியகமும் தன்னிடம் உள்ளவற்றில் சிறு பகுதியையே காட்சிக்கு வைக்கும். எஞ்சியவை இருட்டறையில் இருக்கும். தமிழ்நாட்டரசின் அருங்காட்சியகத் துறைக்கு மாவட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட கூடங்கள் உள்ளன. சேலத்திலும் ஒன்று உண்டு. எழும்பூரில் மாட்ட இடமில்லாத ஓவியங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டந்தோறும் சுற்றி வரட்டும். தாரமங்கலத்துக் கற்றூணில் கெட்டி முதலியார் காலத்துச் சிற்பி செய்ததையும், நாமக்கல் குன்றின் குடைவரையில் அதியர் மரபினர் செதுக்குவித்ததையும் பார்த்து வளர்ந்த கண்கள் இங்கே உள்ளன. ஓவியத்தைக் காணும் தகுதி அவற்றுக்கு இல்லை என்று சொல்பவர் எவர்? தருமபுரியில் நடுகற்களை வைத்த கூடத்துக்குத் தொல்லியல் துறை அகழ்வைப்பகம் என்று பெயரிட்டது. நல்ல தமிழ், எவருக்கும் விளங்குகிறது. தொல்லியலாரால் முடிந்தது அருங்காட்சியகத்தாரால் முடியாதா?

காவாது விட்டால் என்னவாகும் என்பதற்கு இந்த அத்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுச் சாலையிற் சிறிது தொலைவு நடந்தால் போதும். நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்கள் எடுத்த மாடர்ன் தியேட்டர்சின் முகப்பு வளைவு நிற்கிறது. வளைவுக்குப் பின்னே இருந்த படப்பிடிப்பு நிலையம் இல்லை. அங்கே திரைச்சீலை எழுதிய ஓவியர் எத்தனை பேர், அவர்தம் கைவேலை என்னவாயிற்று என்று கேட்டால் விடை கூற ஒரு கூடமும் இல்லை.

சித்தன்னவாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஆட்சியில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியன் அக்குடைவரையைப் புதுக்கினான். முன்னே ஒரு மண்டபமும் எடுத்தான். தான் செய்த செப்பத்தை அங்கேயே, தமிழ்ப் பாட்டாகக் கல்லில் வெட்டுவித்தான். ஆயிரத்து நூறாண்டுக்கு முன் கலைக்கூடம் ஒன்றைச் செப்பனிட்டவன் மக்களுக்குக் கணக்குக் காட்டிய முறை அது. எழும்பூர்க் கூடத்தைச் செப்பனிடுவோரும் என்ன செய்தோம், எவ்வளவு செலவாயிற்று, எந்த ஓவியம் எங்கே உள்ளது, எது பழுதுற்றது என்று தமிழில் எழுதி வாயிலில் வைக்கட்டும். இருபதாண்டுக்கு மேல் வேறிடத்தில் இருந்த ஓவியங்களின் முழுப் பட்டியலை அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பட்டும்.

கேட்பவை இவை. கூடத்தின் பெயர் எழுத்துநிலை மண்டபம் ஆகட்டும். குறிப்புகளில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், பிறமொழி அடுத்தும் வரட்டும். திருமேனிகள் கல்வெட்டும் மக்களும் வழங்கிய பெயரால் அழைக்கப்படட்டும். ஓவியங்கள் சிறுவர் கண் மட்டத்துக்கு இறங்கட்டும். பள்ளிப் பிள்ளைக்கு நுழைவுக் கட்டணம் வேண்டா. இவற்றை எழுதிக் கையொப்பமிட்டு அருங்காட்சியகத் துறைக்கு அனுப்பும் தாள்கள் மேடையின் இடப்புறத்தில் உள்ளன. எழுதத் தெரியாதவர் சொல்லட்டும்; அருகிலிருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும்.

சேலத்திலிருந்து எழும்பூருக்கு இரவு வண்டி உண்டு. ஏறிப் படுத்தால் விடியலில் இறங்கலாம். நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் நடக்கும் தொலைவே. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பிள்ளைகளோடு செல்லுங்கள். ஆடல்வல்லானைப் பாருங்கள், பக்கத்திற் செந்நிறக் கட்டடத்தின் வாயிலுக்கும் சென்று நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று அங்குள்ள அலுவலரிடம் தமிழில் கேளுங்கள்.